எட்டு ஐம்பத்தேழுக்கு வரும் தண்ணி வண்டி

என் அத்தை வேலை பார்க்கும் கம்பெனி நேரத்தை விற்கிறது. டப்பாவில் அடைத்து, திருகு முடுக்கி, சீட்டு ஒட்டி விற்கிறது. செல்போன் கோபுரங்களுக்கெல்லாம் ஒரே நேரம் தெரிந்திருக்க வேண்டுமாம். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கி, அதில் ஒன்றிரண்டு துண்டு பிசகினாலே அடுத்தடுத்த கோபுரங்கள் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்துவிடும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு பாதியில் அறுந்துபோகும். அப்படி ஆகாமலிருக்கக் கோபுரத்தின் காலடியில் அத்தை கம்பெனியின் டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். அது செயற்கைக்கோளிடம் நேரத்தைக் கேட்டு வாங்கிக் கோபுரத்துக்குச் சொல்லும். வானம் கைவிட்டால் உள்ளே இருக்கும் அணுக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சில நாள் சமாளிக்கும்.

எத்தனை நாள் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான் அத்தையின் வேலை. டப்பாவை ஒரு சூட்டு அறைக்குள் வைத்து, ஆண்டெனா கேபிளைப் பிடுங்கிவிட்டு, மூன்று நாள் காத்திருப்பாள். டப்பா எப்போது பொய் சொல்லத் தொடங்குகிறது, எவ்வளவு பொய் சொல்கிறது என்று குறிப்பாள். இருபத்து மூன்று வருஷமாக இதே கம்பெனி. இருபத்து நாலு வயதில் ஈயம் பற்றவைக்கும் பெண்ணாக உள்ளே போனவள், சோதனைக்கூடத்தின் மூலை மேசைவரை நகர்ந்தாள். அதற்கு மேல் நகரவில்லை. அதற்கு மேல் இருந்தது கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை, சோதனைக்கூடத் தலைவருக்கு உரியது. அந்த அறைக்கு இதுவரை மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் கேபிளை எப்படிப் பிடுங்குவது என்று சொல்லிக் கொடுத்தது அத்தை. மூவரும் அத்தையைவிட இளையவர்கள். கற்றுக்கொண்டதும் மூவரும் வேறு கம்பெனிக்குப் பறந்துவிட்டார்கள்.

வீட்டில் அவளோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. "இதோ ரெண்டு நிமிஷம்" என்று உலகமே சொல்லும்போது, அவள் "பதினோரு நிமிஷம்" என்பாள். பதினோராவது நிமிஷம் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "துணிய அளந்து வெட்டுறது நான். மனுஷனை அளந்து வெட்டுறது இவ."

மூன்றாவது தலைவர் போனதும் கண்ணாடி அறை மறுபடி காலியானது. அத்தைக்கு நாற்பத்தெட்டு ஆக இன்னும் மூன்று மாதம். அந்தப் பதவிக்கு வயது வரம்பு நாற்பத்தெட்டு. இந்தமுறை விட்டால் இனி ஆயுளுக்கும் மூலை மேசைதான். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மாமா கடையிலிருந்து நல்ல நீலத்துணி மூன்று கெஜம் வெட்டிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்குத் திரை.

போட்டிக்கு இருந்தது ஒரே ஒருவர். அவரைக் கம்பெனியில் எல்லோரும் சென்ட் என்பார்கள். அவர் வருவதற்கு முன்பே அவர் வாசனை வந்துவிடும். வேலைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அவருடைய வருகைப் பதிவு பளிங்கு மாதிரி இருக்கும். காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து மெஷினில் விரலை வைப்பார். அப்படியே வெளியே போய்ப் பத்தேகால்வரை டீ குடிப்பார்.

இனி அந்த விரல் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி வாசலில், வாட்ச்மேன் அண்ணனின் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் அது இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. மாட்ட வந்தவன் தன் கைபேசியைப் பார்த்து அதில் மணி வைத்துவிட்டுப் போனான். "நாம நொடியை வித்துப் பொழைக்கிறவங்க, நம்ம மெஷின் நொடிக்கணக்குல பாக்கணும்" என்று எம்.டி. ஆணை போட்டார். ஆகவே ஒன்பது அடித்து ஒரு நொடி ஆனாலும் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு போகும். ஆறு மாதத்தில் முப்பது தாமதத்துக்கு மேல் போனால் பதவி உயர்வு நேர்காணலுக்குள் நுழைய முடியாது.

கட்டடத்துக்குள் அணுக்கடிகாரம் மட்டும் நாற்பத்திரண்டு இருந்தன. விரல் மெஷினை அவற்றில் ஒன்றோடு இணைக்க ஒரு கேபிள் போதும். ஆனால் கம்பெனியிடமிருந்து நேரம் வாங்க வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் வாடிக்கையாளர் எண் எழுத வேண்டும். கம்பெனி தனக்குத்தானே வாடிக்கையாளர் இல்லை. அதனால் எண் இல்லை. எண் இல்லாததால் கேபிள் இல்லை. மெஷின் தன் பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு நொடி முந்திக்கொண்டு ஓடியது.

அத்தை தினமும் வீட்டிலிருந்து கிளம்பிச் சரியாக எட்டு ஐம்பத்தேழுக்கு வாசலில் இருப்பாள். முதல் ஆறு மாதம் தொல்லையில்லை. மெஷின் மூன்று நிமிடத்தைத் தாண்டி முந்திய அன்று அவளுக்கு முதல் தாமதம் விழுந்தது. ஒரு நொடி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் அவங்கவங்க வாட்ச்சை மெஷின் பாத்துத் திருப்பி வெச்சுக்கிட்டாங்க" என்றாள்.

"எல்லாருமா?"

"இருநூறு பேரும். டிசைன் பண்றவங்க உள்பட."

"நீங்களும் ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருக்கலாமே அத்தை."

"தப்பான மணிக்கு நான் எதுக்குச் சரியா போகணும்?"

நான் பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு வந்து அவள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். போன இடமெல்லாம் ஊரோடு ஒத்துப்போய்த்தான் பிழைத்திருந்தேன். மாமா மட்டும் சொன்னார்: "ஊரே ஒரு பக்கம் நடந்தா இவ நின்னு திசையைச் சரிபாப்பா. அதுக்குள்ள பஸ் போயிடும்."

மனிதவள மேலாளரிடம் அத்தை போனாள். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை என்று பெயர். யாரை வேலையைவிட்டு நீக்கினாலும் அவ்வளவு இனிமையாகச் சொல்வாளாம்.

"மெஷின் ஃபாஸ்ட்டா போகுது மேடம்."

"அப்படியா மேடம்? உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது."

"ஃபீலிங் இல்ல. மூணு நிமிஷம் ஒரு நொடி."

"ஆதாரம் குடுங்க மேடம். கண்டிப்பா பாக்கலாம்."

ஆதாரம் என்ற சொல்லை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று தொடங்கினாள். கூடத்திலிருந்து உள்ளங்கை அகல ரிசீவர் ஒன்றை எடுத்து வந்தாள். செயற்கைக்கோள் நேரத்தை நொடி நொடியாகக் காட்டுவது. அதை வாட்ச்மேன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மெஷின் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவர் நொடிகளைப் படிப்பார். எட்டு ஐம்பத்தேழு ஆன நொடியில் விரலை வைப்பாள். மெஷின் காட்டும் மணியை நோட்டில் எழுதுவாள். வித்தியாசம் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுவாள். அதற்கும் பக்கத்தில், அந்த நாளுக்கான தாமதமும் தானாகவே விழுந்துவிடும். நோயை அளப்பதற்காகத் தினம் ஒரு துளி விஷம் குடிக்கிற வைத்தியர் மாதிரிதான்.

முப்பதாவது நாள் சர்க்கரையிடமிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு தாமதம் ஆனால் நேர்காணல் இல்லை, தங்கள் எதிர்காலத்தின் மேல் எங்களுக்கு அக்கறை உண்டு.

மறுநாள் காலை எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அத்தையோடு நடந்தேன். வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே கிளம்பியிருந்தாள். எட்டு ஐம்பதுக்கே வாசலில் இருந்தோம். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். வாட்ச்மேன் அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கூண்டிலிருந்து ஓடி வந்தார்.

"வைங்க மேடம், வைங்க. அதுல இன்னும் எட்டு அம்பத்துநாலுதான்."

அத்தை ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அம்பத்தேழுக்குச் சொல்லுங்க அண்ணே."

"மேடம், இன்னைக்கு வேணாம் மேடம். லெட்டர் வந்தது எனக்கும் தெரியும்."

"முப்பது அளவுதான் இருக்கு."

"முப்பது போதாதா?"

"போதாது. ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துதுன்னு சொல்லணும்னா முப்பது இடைவெளி வேணும். முப்பது இடைவெளிக்கு முப்பத்தோரு அளவு. எங்க கையேட்டுல இருக்கு."

வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை.

"அத்தை, இன்னைக்கு முன்னாடியே வெச்சுட்டு, நேர்காணல் முடிஞ்சதும் மீதியை அளக்கலாமே."

"இடையில ஒரு நாள் நேரம் மாத்தி எடுத்தா வரிசை கெட்டுப்போயிடும். முழுசா இருந்தாத்தான் ஆதாரம். முழுசா இருந்தா யாரும் மறுக்க முடியாது, அந்த முப்பத்தோரு தாமதமும் பொய்யின்னு கண்ணிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

கண்ணிருப்பவர்கள் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்று அவள் அளந்து பார்த்ததில்லை. ஏழு நிமிடம் நாங்கள் மூவரும் அங்கே நின்றோம். சென்ட் டீக்கடைக்குப் போகும் வழியில் எங்களைத் தாண்டிப் போனார். "என்ன மேடம், இன்னும் உள்ள போகலையா? டைம் ஆச்சே" என்றார். அத்தை விரலை நீட்டிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். வாட்ச்மேன் அண்ணன் ரிசீவரைப் பார்த்து நொடிகளைப் படித்தார். "அம்பத்தாறு அம்பத்தேழு. அம்பத்தாறு அம்பத்தெட்டு. அம்பத்தாறு அம்பத்தொம்பது. வைங்க."

வைத்தாள். மெஷின் இனிய பெண் குரலில் நன்றி சொன்னது. மூன்று நிமிடம் நாற்பத்து மூன்று நொடி; விடுமுறை நாட்களிலும் அது முந்திக்கொண்டுதானே இருந்தது. முப்பத்தோராவது தாமதம்.

அன்று மத்தியானமே வரைபடம் தயாரானது. நான் பார்த்தேன், முப்பத்தோரு புள்ளிகள், நூல் பிடித்தது போல ஒரே கோடு. அதைச் சர்க்கரையின் மேசையில் அத்தை தன் கையாலேயே வைத்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. மனிதவளத் துறைக்குச் சொந்தமான கருவியை அந்தத் துறையின் அனுமதியில்லாமல் அளந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அதோடு நேர்காணல் பட்டியல். அதில் ஒரே பெயர். வாசனையுள்ள பெயர்.

அத்தை அன்று வீட்டுக்கு வந்து எப்போதும்போல் காய் நறுக்கினாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசா இருக்கே" என்றார். அத்தையின் கத்தி நின்றது. மாமா சட்டென்று எழுந்து குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவரும் வேறு என்ன செய்வார், பாவம்.

நேர்காணலுக்கு நாலு நாள் முன்னால் ஆடிட் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவது. சோதனைக்கூடம் கொடுக்கும் சான்றிதழ்களை மற்றவர்கள் நம்பலாமா கூடாதா என்று ஒருவர் வந்து பார்ப்பார். அவர் கூடாது என்றால் டப்பாவை யாரும் வாங்க மாட்டார்கள். வந்தவர் ஒல்லியான மனிதர். இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுகிறவர். வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கினார். அந்தச் சீட்டை மணி போட்டு அச்சடிப்பதும் அதே விரல் மெஷின்தான். சீட்டைப் பார்த்தார். தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

எம்.டி. அறையில் உபசாரமெல்லாம் முடிந்ததும் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உங்க கம்பெனி நேரமா?"

"ஆமா சார்" என்றாள் சர்க்கரை. "எங்க அதிகாரபூர்வமான நேரம்."

"நாலு நிமிஷம் கிட்ட முந்தி இருக்கு."

"அப்படியா சார்? உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது."

ஆடிட்டர் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். நேரம் விற்கிற கம்பெனியின் வாசலிலேயே நேரம் தப்பு என்றால், உள்ளே இருக்கும் சான்றிதழ்களை எப்படி நம்புவது என்று கேட்டார். ஒரே ஒரு வழி சொன்னார். இந்தத் தவறு உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, நீங்கள் அதை முறையாகக் கண்காணித்து வந்தீர்கள் என்பதற்கு ஆவணம் வேண்டும். தேதி போட்டிருக்க வேண்டும். அளந்தவர் யார் என்று இருக்க வேண்டும். அந்தத் தேதிகளில் அவர் இங்கே இருந்தார் என்று வருகைப் பதிவு சொல்ல வேண்டும். நாளை மாலைக்குள்.

ஆவணம் எங்கே இருக்கிறது என்று எம்.டி.க்குத் தெரியாது. சர்க்கரைக்குத் தெரியும். மெமோவோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தாள்.

அத்தையைக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் எம்.டி. அறையில் அவளுக்கு முதல்முறையாக நாற்காலி கிடைத்தது.

"அருமையான வேலைம்மா" என்றார் எம்.டி. "இந்த மாதிரி ஆளுங்கதான் நம்ம சொத்து."

"மெமோவுக்கு நான் இன்னும் பதில் எழுதலை சார்."

"அது கெடக்கட்டும். நேர்காணல் பட்டியல்ல உங்க பேரும் சேரும். என்ன சேர்றது, உங்களுக்குத்தான்னு வெச்சுக்குங்க. ஆடிட் நல்லபடியா முடியணும், அவ்வளவுதான்."

"முப்பத்தோரு தாமதம் இருக்கே சார்."

இங்கேதான் சிக்கல். சர்க்கரை தேன் குரலில் விளக்கினாள். போட்ட தாமதத்தை அழிக்க மெஷினில் வழியில்லை. மெஷின் தப்பு என்று உத்தரவு போட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். ஆனால் அப்படிப் போட்டால் கம்பெனியில் தாமதம் வாங்கிய அத்தனை பேரின் விடுப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"ஆடிட்டருக்கு மெஷின் தப்புன்னுதானே காட்டப்போறோம்?" என்றாள் அத்தை.

"அது ஆடிட்டுக்கு மேடம். இது ஆபீசுக்கு."

ஆனால் ஒரு வழி இருந்தது. தாமதத்தின் மேல் 'வெளியூர்ப் பணி' என்று போட்டால் தாமதம் மறைந்துவிடும். முப்பத்தோரு நாளும் அத்தை கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தாள் என்று ஒரு கையெழுத்து. முடிந்தது.

"அந்த முப்பத்தோரு நாளும் நான் வாசல்ல நின்னு அளந்திருக்கேன்."

"அதான் மேடம். நீங்க வெளியூர்ல இருந்தா, அளந்தது நீங்களா இருக்க முடியாது."

"அப்ப யாரு?"

எம்.டி. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். அந்த முப்பத்தோரு நாளும் காலை எட்டு ஐம்பத்தேழுக்கு வாசலில் தவறாமல் நின்ற இன்னொரு மனிதர், வந்த லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை பத்து நிமிடம் கேட்டாள். கூடத்துக்குப் போய்ச் சூட்டு அறையின் முன்னால் நின்றாளாம். உள்ளே ஒரு டப்பா, கேபிள் பிடுங்கப்பட்டு இரண்டாவது நாள். ஒன்பதாவது நிமிடம் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாள். ஒரு நிமிடத்தை மிச்சம் வைத்ததை நான் அவளிடம் குறிப்பிட்டபோது கோபம் வந்துவிட்டது.

"மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. நாலாவதா அந்தச் சென்ட்டுக்கும் நானே சொல்லிக் குடுக்கணுமா? நீ சொல்லு. நீ ஒரு ஊருல ஆறு மாசம் உக்காந்ததில்ல, உனக்கு என்ன தெரியும்."

மூன்று நிமிடத்துக்கு வளையாத முதுகு, முப்பத்தோரு நாளுக்கு வளைந்திருக்கிறது. அதை ஒரு வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

வாட்ச்மேன் அண்ணன் அன்று கூண்டில் உட்கார்ந்து முப்பத்தோரு வரிகளைத் தன் கையெழுத்தில் புது நோட்டில் படியெடுத்தார். பழைய நோட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று அதைச் சர்க்கரையே கொஞ்சம் கசக்கிக் கொடுத்தாளாம். மறுநாள் அவரை ஆடிட்டர் முன் உட்கார வைத்தார்கள். நடந்ததை அவர் எனக்குச் சொன்னார்; அத்தையும் பின்வரிசையில் இருந்தாள் என்பதால் இரண்டு பேர் சொன்னதையும் ஒட்டித்தான் எழுதுகிறேன்.

"நீங்கதான் அளந்தீங்களா?"

"ஆமாங்க."

"எப்படின்னு சொல்லுங்க."

அதை அவர் நன்றாகவே சொன்னார். ரிசீவரைத் திறந்த வானத்தின் கீழே பிடிக்க வேண்டும், கூரைக்குள் பிடித்தால் தப்பாகும். குறைந்தது நாலு செயற்கைக்கோள் தெரிந்தபின்தான் படிக்க வேண்டும். நொடியைக் கண்ணால் பார்த்து வாயால் சொல்வதற்குள் கால் நொடி போகும், அதைப் பிழையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டர் மிட்டாயைச் சப்புவதை நிறுத்திவிட்டார்.

"முப்பத்தோரு அளவு ஏன்?"

"முப்பது இடைவெளி வேணும்ல சார்."

"எல்லா நாளும் ஏன் சரியா எட்டு அம்பத்தேழுக்கு எடுத்தீங்க?"

"அப்பத்தானே வருவாங்க" என்று சொல்லிவிட்டார் அண்ணன்.

"யாரு வருவாங்க?"

அண்ணன் அத்தையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் போயிருக்கும். சுவரைப் பார்த்தார்.

"தண்ணி வண்டிங்க. தினம் அந்த நேரத்துக்கு வரும். மழை வந்தாலும் தப்பாது. ஊர்ல எந்த மெஷினையும் நம்ப மாட்டேன், அதை நம்புவேன். அதை வெச்சுத்தான் ஞாபகம் வெச்சுக்கிட்டேன்."

ஆடிட்டர் வெகு நேரம் எழுதினார். அவர் நம்பினாரா என்று தெரியாது. கடைசியில் நிமிர்ந்து, "இந்த அளவு ஒழுங்கா நான் பல கூடத்துல பாத்ததில்ல. அந்தத் தண்ணி வண்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்றார். சொல்லும்போது பின்வரிசையைப் பார்த்தார் என்கிறார் அண்ணன். பார்க்கவில்லை என்கிறாள் அத்தை.

சான்றிதழ் பிழைத்தது. வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சர்க்கரை ஒரு பக்கம், எம்.டி. ஒரு பக்கம். "கண்காணிப்புத் திட்டத் தலைமை: மனிதவளத் துறை" என்று படத்தின் கீழே போட்டார்கள். மெஷினை இணைப்பதற்காகக் கம்பெனியைக் கம்பெனியின் வாடிக்கையாளராகப் பதிவு செய்தார்கள். எண் நானூற்றுப் பன்னிரண்டு. கேபிள் போட ஆறு நிமிடம் ஆனது.

அன்று மாலை தங்கள் வாட்ச்சில் ஐந்தரை ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த இருநூறு பேருக்கும், மெஷின் இன்னும் ஐந்து இருபத்தாறுதான் என்று சொன்னது. இத்தனை மாதமாக முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள், வரிசையில் நின்று கடிகாரத்தைத் திட்டினார்கள். அப்புறம் அத்தையைத் திட்டினார்கள். "கண்டவங்க மூக்கை நுழைச்சா இப்படித்தான்" என்று ஒரு குரல். "இவங்களுக்கு என்ன, முப்பது நாள் ஊர் சுத்திட்டு வந்தாங்க" என்று இன்னொன்று. அத்தை ஊர் சுற்றிய செய்தி அதற்குள் கான்டீன்வரை போயிருந்தது.

நேர்காணலில் சென்ட்டும் உட்கார்ந்தார். அணுக்கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும் என்று சொன்னாராம். பதவி அத்தைக்குக் கிடைத்தது. மாமா நீலத்துணியை அவரே போய் மாட்டிவிட்டு வந்தார். வீட்டில் இப்போதெல்லாம் அத்தை தெருமுனையில் தெரிந்தால், "தண்ணி வண்டி வந்தாச்சு, குடத்தை எடுங்க" என்பார். முதல்முறை சொன்னபோது அவள் சிரித்தாள். இரண்டாவது முறையிலிருந்து சிரிக்கவில்லை. அவர் நிறுத்தவுமில்லை.

புது அறையில் அவளுக்கு வந்த முதல் காகிதம் சர்க்கரையிடமிருந்து. வெளியூர்ப் பணி போய்வந்தவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பயண அறிக்கை தர வேண்டும். முப்பத்தோரு அறிக்கைகள் நிலுவையில் உள்ளன. சென்ற ஊர், சென்ற வழி, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், செய்த பணி, கற்றது. பதினைந்து நாளைக்குள் தராவிட்டால் வெளியூர்ப் பணி ரத்தாகும். ரத்தானால் தாமதம் திரும்பி வரும். தாமதம் திரும்பினால் என்ன திரும்பிப் போகும் என்று கடிதத்தில் சொல்லவில்லை.

விடுமுறை நாள் காலையில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முதல் அறிக்கையே பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"உக்காரு. நீதான் போகாத ஊரெல்லாம் போனவ. கோபுரம் உள்ள ஊரா ஒண்ணு சொல்லு."

சொன்னேன். மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊர். பனியில் கோபுரத்தின் பாதிதான் தெரியும்.

"எத்தனை மணிக்கு பஸ்?"

"காலையில ஒரு ஏழு, ஏழரை இருக்கும்."

"ஏழா, ஏழரையா?"

"அத்தை, நீங்க போகவே இல்ல. எதையாவது எழுதுங்க. யாரும் படிக்கப்போறதில்ல."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"நான் படிப்பேன்ல" என்றாள். பிறகு என் கைபேசியை வாங்கி, அந்த ஊருக்குப் போகும் பேருந்துகளின் கால அட்டவணையைத் தேடத் தொடங்கினாள். கிடைத்தது. ஏழு பதினெட்டு. எழுதினாள். இன்னும் முப்பது ஊர் வேண்டும் என்றாள்.